அப்பா மேல் வைத்த கல்

என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எங்கள் வீட்டு மனிதர். மற்ற நாட்களில் அவர் ஊருக்குப் பொதுவான கொத்தனார். ராசிபுரம், வாழப்பாடி, ஆத்தூர் என்று எங்கே சுவர் எழும்புகிறதோ அங்கேயே சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்ப்பார், கறி சாப்பிடுவார், மத்தியானம் தூங்குவார். திங்கட்கிழமை விடிவதற்குள் கரண்டியும் தூக்குக்குண்டும் பைக்குள் குலுங்க, கிளம்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து கடைசிவரை இதுதான் நடைமுறை.

"எங்களுக்கு ஆனது கல்யாணமில்ல சாமி, வாரச் சந்தை" என்பாள் அம்மா.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துச் செத்தாரே, அது ஒன்றுதான் அவர் அம்மாவுக்குச் செய்த தயவு. கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடிக்கொண்டிருந்தபோது அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள்.

"என்னையும் இதே குழியில போட்டுருங்க சாமி. உசுரோட இருந்தப்பத்தான் ஒண்ணா இருக்க முடியல."

எங்கள் பக்கம் அது புதிதல்ல. சில வருஷங்கள் கழிந்த பிறகு கல்லை எடுத்துவிட்டுக் குழியைத் திறப்பார்கள். முதலில் போனவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் கூட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பின்னால் வந்தவரை இறக்குவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அப்படி ஒரே குழியில் இருப்பது நிறைய. சாமியார், "அதுக்கென்னம்மா, இன்னும் காலம் இருக்குது" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டயில்ல?" என்றாள். கேட்டுக்கொண்டேன்.

அப்பாவின் மேல் முதலில் ஒரு கடப்பாக் கல்லைப் பதித்தோம். பெயர் வெட்டி, சிலுவை வெட்டி, அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதம்கூட இருக்கவில்லை. யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். துணி துவைக்க அவ்வளவு தோதான கல் வேறு கிடையாது. எங்கள் கல்லறையில் மெல்லிசாக இருந்த கற்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் கிணற்றடிகளுக்குக் குடிபெயர்ந்தன. பெயர் இருக்கிற பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு ஆறவே இல்லை. "ஆயுசு முழுக்க அடுத்தவனுக்குக் கல்லு வெச்ச மனுசன். செத்தும் கல்லு குடுக்கோணுமா? எந்தப் பயலும் அசைக்க முடியாத கல்லாப் பாத்து வெய்டா."

அப்படிப்பட்ட கல்லைத் தூக்கி வைக்க என்னிடம் ஒரு வண்டி இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்பாவின் தொழில் கைவரவில்லை. நெளிந்து நெளிந்து போன என் முதல் சுவரைப் பார்த்துவிட்டு அவர், "இதுக்குத் தூக்குக்குண்டு எதுக்கு, மகுடி போதுமே" என்றார். ஆகவே சுவர் கட்டுகிறவர்களுக்குக் கல் விற்கிற தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். நாமக்கல் சாலையோரம் ஒரு டெப்போ. செங்கல், கருங்கல் பலகை, வேலிக் கல்கால். அந்தச் சமயத்தில் சேலம் பக்கம் ஒரு பெரிய கட்டுமான வேலை முடிந்து, ஓடித் தேய்ந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் மண் அள்ளுகிற வாளியோடு ஒரு குட்டி லோடர். ஓர் எருமையைவிடக் கொஞ்சம் பெரிசு, சத்தம் மட்டும் பத்து எருமைக்கு. கேட்க வேறு ஆள் இல்லாததால் என் தலையில் விழுந்தது.

அதை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், "வாளியைக் கழட்டிட்டு ரெண்டு கை வெச்சுக் குடுங்க" என்றேன்.

"யாரைக் கட்டிப்புடிக்கிறதுக்குங்க?" என்றார் பட்டறைக்காரர்.

செங்கல்லை என்றேன். மேலும் கீழும் பார்த்தார். வைத்துக் கொடுத்தார். இரண்டு இரும்புக் கைகள், உள்பக்கத்தில் பழைய டயர் ரப்பர். நெம்புகோலை இழுத்தால் இரண்டும் நெருங்கி வந்து, நடுவில் இருப்பதை இறுக்கிக்கொண்டு தூக்கும். பட்டறையில் அதற்குப் பெயர் கிளாம்பு. ஊருக்குள் வந்ததும் அது நண்டு வண்டி ஆயிற்று, நான் நண்டுக்காரன் ஆனேன்.

முதல் நாள் கூட்டம் கூடிவிட்டது. ஓர் அடுக்குச் செங்கல்லை இறுக்கித் தூக்கினேன். கொஞ்சம் கற்கள் மேலே போயின. மீதி என் காலடியில் வந்து இறங்கின. எங்கள் சூளைச் செங்கல் கையால் அச்சுப் போட்டது. ஒன்று கொழுத்திருக்கும், பக்கத்தில் இருப்பது இளைத்திருக்கும். இரும்புக் கை கொழுத்ததைத்தான் பிடிக்கும்; இளைத்தது நழுவிவிடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிடி போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். கொழுத்தவையும் பொடியாயின.

"ஏனுங்க, செங்கல்லு விக்கறீங்களா, செம்மண்ணு விக்கறீங்களா?" என்று என் வீட்டுக்காரி கூட்டத்துக்குள்ளிருந்தே கேட்டாள். அந்த வருஷம் பூராவும் டெப்போவுக்கு வருகிறவர்கள் எல்லாம் இதையே கேட்டார்கள்.

பிறகு சைக்கிள் டியூபை வெட்டி வரிசைக்கு நடுவே சொருகப் பழகினேன். எவ்வளவு இறுக்கினால் உடையும், எவ்வளவு விட்டால் விழும் என்பது கைக்கு வந்தது. கருங்கல்லில் இந்த வம்பே இல்லை. அது ஒரே துண்டு. பிடித்தால் பிடித்ததுதான்.

அம்மா கேட்ட கல் ஆள் நீளத்துக்கு மேல், ஒரு சாண் கனம். அப்பாவின் பெயரை ஆழமாக வெட்டச் சொன்னேன். பதிக்கிற அன்று கல்லறைத் தோட்டத்துக்கு நண்டு போனது. கல்லைப் பிடித்துத் தூக்கியதும் கல் எழும்பவில்லை, வண்டியின் பின்பக்கம் எழும்பியது. நான் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தாய்மாமன், அவர் பையன்கள், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை என்று எல்லோரும் வெள்ளை வேட்டியோடு ஓடிவந்து வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். பாரத்துக்குப் பாரம் சரியாகி வண்டி தரையில் இறங்கிற்று.

"உங்கப்பன் உசுரோட இருந்தப்ப நாங்க ஒருத்தரும் இவ்வளவு ஒத்தாசை பண்ணுனதில்லீடா மாப்பள" என்றார் மாமன், பின்சக்கரத்து மட்கார்டின் மேல் உட்கார்ந்தபடி.

அப்படியே ஊர்ந்து போய்க் கல்லை இறக்கினேன். அப்போது அப்பாவைச் சுற்றி வெற்று நிலம்தான். வண்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். அம்மா கல்லைச் சுற்றி வந்தாள். உள்ளங்கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். முகத்தில் திருப்தி.

"ஒரு பயலும் அசைக்க முடியாது."

"நான் அசைப்பனே. நண்டு இருக்குதில்ல? உனக்கு வேணுங்கறப்ப வந்து தூக்கிவிடறேன், நீ பாட்டுக்குப் போயிப் படுத்துக்க."

"வாயப் பாரு" என்று சிரித்தாள். மாமனும் சிரித்தார். அப்பாவுக்கும் அந்த ஹாஸ்யம் பிடித்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எட்டொன்பது வருஷம். நண்டு நன்றாகவே உழைத்தது. கல்லறைக்கு மட்டும் அது திரும்பப் போகவில்லை. நாங்கள் போனோம். ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கொஞ்சம் சிலுவைகள் முளைத்திருக்கும். அப்பாவின் இடதுபக்கம் ஒரு ரயில்வேக்காரர், தலைமாட்டில் ஒரு டீச்சரம்மா, அதற்கும் அந்தப் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர். மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்துவிடுவோம். ஒவ்வொன்றும் ஒரு வழியை அடைக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் என்னைக் கேட்டுவிட்டும் சாகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, தைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. கட்டிலில் சாய்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"நண்டு ஓடுதா?"

"ஓடுது. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. டீசல் ஊத்தி வெய்யி."

மறுநாள் காலையில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். வண்டியின் அகலத்துக்கு முடிச்சுப் போட்ட கயிறு. வாசலிலிருந்து அப்பாவின் கல்வரைக்கும் சந்து சந்தாக அளந்தேன். கோயில்பிள்ளை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க நண்டுக்காரரே, இடம் புடிக்கறீங்களா?" என்றார். சிரித்தேன். அளக்க அளக்கச் சிரிப்பு வடிந்துவிட்டது.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அதன் நடுவிலும் ஒரு குழந்தையின் கல்லறை. இரண்டு முழ நீளம். செங்கல் வைத்து, சுண்ணாம்பு பூசி, நீல வண்ணம் அடித்தது. ஒரு மரச் சிலுவை, காலடியில் ஒரு பட்டன் ரோஸ் செடி. முந்தின வருஷம் காய்ச்சலில் போன பையன். குழந்தைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நடைவழியிலேயே வைத்துவிட்டிருந்தார்கள்.

வேறு யோசனைகளும் பண்ணினேன். கடப்பாரை போட்டு ஆட்களை வைத்து நகர்த்தலாம். நகர்த்தி எங்கே வைப்பது, நாலு பக்கமும் கல்லறை. முக்காலி நட்டுச் சங்கிலி மாட்டித் தூக்கலாம். அதன் மூன்று கால்களும் மூன்று வீட்டுக்காரர்களின் நெஞ்சில் நிற்க வேண்டும். ரயில்வேக்காரரின் மகன் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டான். கல்லையே உடைத்து எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அவரு மேல உளியும் சம்மட்டியுமா?" என்றாள். "ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துலதான கெடந்தாரு. இப்பத்தான் ரவ்வோண்டு நிம்மதியாப் படுத்திருக்காரு. வேண்டாம்."

ஆக, நண்டு உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் அந்தக் குழந்தையின் மேல் ஏறி இறங்க வேண்டும். கனமான பலகைகளைப் போட்டுக்கொள்ளலாம். பூச்சு எப்படியும் நொறுங்கும். பழையபடியே கட்டிக் கொடுத்துவிடலாம். கொத்து வேலைக்கு ஆளா இல்லை?

அந்தப் பையனைப் பெற்ற பெண்ணின் வீடு எங்கள் கோயில் பங்கிலேயேதான். அவள் வீட்டுக்காரன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். நான் போனபோது தனியாகத்தான் இருந்தாள். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகப் பேசி ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். டீ கொடுத்தாள். குடித்தேன். ஒரு வேடிக்கையும் வரவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நேராகவே சொல்லிவிட்டேன். அம்மாவின் உடம்பு, அப்பாவின் கல், வழி, சக்கரம், எல்லாம்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பலகை போட்டுத்தான் ஏத்துவீங்களாங்ண்ணா?"

"ஆமா கண்ணு. மொத்தமான பலகை."

"ஒருக்கா ஏறி எறங்குனாப் போதுமுங்களா?"

"போகையில ஒருக்கா. கல்லோட திரும்பையில ஒருக்கா."

 பிறகு கேட்டாள்: "அவனுக்குப் பாரமா இருக்காதுங்களே?"

  தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா ஆசப்படறாங்கன்னா ஏத்திக்குங்ண்ணா" என்றாள். "பையன் பொறந்தப்ப அவங்கதான் வந்து மேலுக்கு முதத் தண்ணி ஊத்துனாங்க." டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "வழி கெடச்சிருச்சு" என்றேன். எந்த வழி என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிற்று.

"அந்தப் புள்ளகிட்டப் போயிக் கேட்டயா?"

"சரீன்னுட்டாம்மா."

"சரீங்காம என்ன சொல்லுவா? வாசல்ல வந்து நிக்கறவங்கிட்ட. என்ன சொன்னா, அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். பாரமாக இருக்காதா என்று கேட்டதையும் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலியோ என்று என் வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள். வலியில்லை என்று கையாட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனபோதும் அப்படியேதான் கிடந்தாள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "என்னையக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போ. எடம் எங்கெங்க இருக்குதுன்னு நானே பாக்கோணும்."

நடக்கிற நிலையில் அவள் இல்லை. ஒயர் பின்னிய நாற்காலியில் உட்கார வைத்து, நானும் என் வீட்டுக்காரியின் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டோம். எடையே இல்லை. நாற்காலிதான் கனமாக இருந்தது. "கருங்கல்லத் தூக்குனவனுக்குக் கெழவியத் தூக்க மூச்சு வாங்குது பாரு" என்றாள் என் மச்சினனிடம். 

கல்லறையில் அந்தப் பெண் முன்பே வந்திருந்தாள். நாங்கள் வருவோம் என்று அவளுக்குத் தெரியாது. பையனின் பக்கத்தில் உட்கார்ந்து, மரச் சிலுவையைப் பிடுங்கித் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். பட்டன் ரோஸை வேரோடும் மண்ணோடும் எடுத்து ஒரு பால் பவுடர் டப்பாவில் அடக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டிக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். கையெல்லாம் மண்.

அம்மா நாற்காலியை இறக்கச் சொன்னாள்.

"செடியத் திரும்ப நட்டு வெய்யி கண்ணு. இப்பவே நட்டாத்தான் புடிக்கும். வெயில் ஏறுச்சுன்னா வாடிரும்."

"இல்லீங் பெரியம்மா, அண்ணன் வந்து..."

"அவங் கெடக்கறான் கூறு கெட்டவன். வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சிலுவைய வெய்யி மொதல்ல."

அந்தப் பெண் சாக்கைப் பிரித்துச் சிலுவையை நட்டாள். பிறகு உட்கார்ந்து செடி இருந்த பழைய குழியையே கையால் தோண்ட ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. கையில் மண் இருந்ததால் முடியவில்லை. எங்கள் பின்னால் வந்திருந்த என் வீட்டுக்காரி குழாயடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு ஊற்றினாள்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சுவர்ப்பக்கம் போனோம். அங்கேதான் புது இடம் விட்டிருந்தார்கள். நாற்காலியைத் திருப்பி வைக்கச் சொன்னாள். அங்கிருந்து அப்பாவின் கல் இருக்கும் திசையை நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். நடுவில் சிலுவைகள், குழாயடி, ஒரு வேப்பமரம்.

"தெரியலியே" என்றாள்.

"மரத்துக்கு வலப்பக்கம்மா. அந்த ரயில்வேக்காரரு சிலுவைக்கு இந்தப் பக்கம்."

திரும்பப் பார்த்தாள். தெரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினாள்.

"நாம வேணும்னா அந்தப் புள்ளகிட்ட இன்னொருக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு. அவ புருசனும் கூட இல்ல. போயி உக்கார அவளுக்கு அந்த ஒரு எடந்தான் இருக்குது. நானாவது வாரத்துக்கு ஒரு நாள் அவரு மூஞ்சியப் பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சனிக்கெழம பஸ்ஸுக்குக் காத்திருந்தவதான நானு. இப்பக் காத்திருக்கறதுக்கென்ன. தூக்கு, போலாம்."



அதன் பிறகு அவள் நண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். குழி வெட்டுகிறவர் வந்து, "அப்பாகூடத்தானுங்களே?" என்று கேட்டார். இல்லை, சுவரோரம் என்று என் வாயாலேயே சொன்னேன். மாமன் என்னை முறைத்தார். அவருக்கு விஷயம் தெரியாது. "பெரிய மிசினெல்லாம் வெச்சிருக்கறே, பெத்தவளுக்கு ஒரு கல்லப் பொரட்ட முடியலியாடா?" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு பதிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் ஊர்வாயில் விழுந்திருக்கும். அவளும் அங்கே பெண்கள் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் மேல் கல் எதுவும் வைக்கவில்லை. மண்ணை மேடு கட்டி, சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் மட்டும் பதித்தேன். நானே பதித்தேன். வரிசை கோணலாகத்தான் வந்தது. எங்கள் டெப்போவில் கருங்கல் பலகைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், "இது யாரும் அசைக்க முடியாதுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வழக்கம் என்னிடமிருந்து அந்த மாதத்தோடு போய்விட்டது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. தூறிக்கொண்டே இருந்தது. எப்போதும் அப்பாவின் கல்லின் மேல் மெழுகுவர்த்திகளை ஒட்டிவிட்டு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்போம். அந்த வருஷம் முதலில் யாரிடம் போவது என்றே தெரியவில்லை. அம்மாவிடம் முதலில் போனால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் தூங்கிவிடுவார். அப்பாவிடம் முதலில் போனால் அம்மா ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவாள். அவளிடம் பாதிப் பேர், அவரிடம் பாதிப் பேர் என்று பிரிந்து நின்றோம். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் இடம் மாறிக்கொண்டோம்.

நான் அப்பாவிடமிருந்து அம்மாவிடம் போனேன். எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் அந்தப் பெண் தன் பையனின் அருகில் குந்தியிருந்தாள். அந்த மாதம் அவள் வீட்டுக்காரனும் ஊரில் இருந்தான். பக்கத்தில் குடை பிடித்து நின்றான். என்னைப் பார்த்ததும் அவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினாள். நான் ஒருக்களித்து, அந்த நீலக் கல்லறையில் கால் படாமல் கடந்து போனேன். நடந்து போகிறவனுக்கு அந்த இடம் தாராளம்.